உழைப்பவர் முகம் யாருக்குச் சொந்தம்?

(பி.எஸ்ஸி. கணிதம், இரண்டாம் ஆண்டு)

'நான் யார்?' என்ற கேள்விக்கு விடை தேடி ஞானிகள் காடு சென்றார்கள் என்பர். இன்று ஏழையைப் பார்த்து 'நீ யார்?' என்று கேட்பவர் ஞானியல்லர். அலுவலக மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர். வேலை கேட்டு வருபவர், தாம் இன்னார்தான் என்று மெய்ப்பித்தாக வேண்டும். பொதுப் பணத்தில் கூலி கொடுக்கும் அரசு அப்படிக் கேட்பதில் தவறில்லை. இல்லாத ஆளின் பெயரில் கூலி போகக் கூடாதன்றோ? ஆனால், கேட்டுப் பெற்ற விடையை யார் யாருக்கெல்லாம் காட்டலாம் என்பது வேறு கேள்வி. அதைப் பற்றியே சில எண்ணங்களை இங்கு உங்கள்முன் வைக்கிறேன்.

என் பாட்டனார் கைநாட்டு. என் தாயார் தம் பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக வீட்டில் யார் எதுவரை படித்தார்கள் என்று எழுதிக் கொடுத்தபோது, மூன்று தலைமுறையின் வரலாறு ஒரே தாளில் அடங்கிவிட்டது. கையெழுத்துக் கற்றால் கைநாட்டின் இழிவு நீங்கும் என்று நம்பிய குடும்பம் எங்களுடையது. காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்! கற்றவரும் கல்லாதவரும் இன்று ரேஷன் கடையில் ஒன்றுபோல விரலை வைக்கிறோம்.

விரலோடு நின்றதா? இல்லை. 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டுப் பின்னாளில் காந்தியடிகளின் பெயரைப் பெற்ற ஊரக வேலை உறுதிச் சட்டம், ஒவ்வோர் ஊரகக் குடும்பத்துக்கும் ஆண்டுக்கு 100 நாள் வேலையை உரிமையாக்கிற்று. மக்கள் நாவில் அது 'நூறு நாள் வேலை'. தொடக்கத்தில் வேலை அட்டையும் வருகைப் பதிவேடுமே போதுமானவையாக இருந்தன. 2021 மே மாதத்தில் ஒரு கைப்பேசிச் செயலி வந்தது. வேலை செய்வோரை நாளுக்கு இருமுறை படமெடுத்து, இடக்குறிப்போடு இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றார்கள். 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிப் பணிகள் நீங்கலாக, எல்லாப் பணியிடங்களுக்கும் அது கட்டாயமாயிற்று. 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியாகவே கூலி என்பதும் கட்டாயமாயிற்று. வேலை அட்டையில் உள்ள பெயருக்கும் ஆதாரில் உள்ள பெயருக்கும் ஓர் ஆங்கில எழுத்து மாறியிருந்தால் போதும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட அலைய நேரும்.

அந்தப் படங்களும் பதிவேடுகளும் இணையத்தில் எவரும் பார்க்கும்படி வைக்கப்பட்டன. மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனால் பெயர், சாதிப் பிரிவு, வேலை செய்த நாள், வாங்கிய கூலி எல்லாம் உள்ளங்கை நெல்லிக்கனி.

இதை நான் என் தாயாரிடம் சொன்னேன். கணவரின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டி, தலையில் துண்டு கட்டி, ஏரிக்கரையில் மண் சுமந்தவர் அவர். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "இந்தக் கோலத்துல நான் நிக்கறத ஊருல இருக்கறவங்க பாக்கறாங்க, சரி. உன்கூடப் படிக்கிற புள்ளைங்களும் பாக்கலாமா?" என்று கேட்டார்.

"உழைப்பதில் என்னம்மா வெட்கம்?" என்றேன்.

"வெக்கம்னு யார் சொன்னா? என்னைக் கேட்டாங்களான்னுதான் கேக்கறேன்" என்றார்.

நண்பர்களே, சட்டநூல் பலவும் சொல்லும் செய்தி இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24-இல், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமை மாடிவீட்டாருக்கு மட்டும் உரியதன்று. ஆனால் அதே 2017 மே மாதத்தில், பெங்களூரைச் சேர்ந்த ஓர் ஆய்வு நிறுவனம், இந்த வேலைத் திட்டத்தின் தளம் உள்ளிட்ட நான்கு அரசுத் தளங்கள் வழியாக ஏறக்குறைய 13 கோடி ஆதார் எண்கள் வெளிப்பட்டிருக்கலாம் என்று எடுத்துக்காட்டியது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், உதவியும் பயனும் வழங்குவதற்காக அரசு விவரங்களைக் கையாளும்போது இசைவு கேட்பதிலிருந்து விலக்கு அளிக்கிறது. கை நீட்டி வாங்குபவரிடம் கேட்க வேண்டியதில்லை என்பதே இதன் பொருளோ?

மறைக்க ஒன்றுமில்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும் என்பார் சிலர். வீட்டுக்குக் கதவு வைத்திருப்பவரெல்லாம் திருடரா?

கணக்கை மூடி வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. 1990-களில் ராஜஸ்தானத்து உழைப்பாளிகள் ஊர்ப் பொதுவில் கூடி, வருகைப் பதிவேடுகளை உரக்கப் படிக்கச் செய்தார்கள். வேலைக்கு வராதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வித்திட்ட போராட்டங்களுள் அது ஒன்று. அங்கே ஏழைகள் அதிகாரியின் கணக்கைப் பார்த்தார்கள். இங்கோ, அதிகாரம் ஏழையின் முகத்தைப் பார்க்கிறது. விளக்கு ஒன்றுதான், திருப்பிப் பிடித்துவிட்டார்கள்.

அப்படிப் பிடித்ததாலாவது திருட்டு ஒழிந்ததா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், பழைய படத்தையே மீண்டும் படமெடுத்து ஏற்றுவது முதலான முறைகேடுகளைப் பட்டியலிட்டது. திருடத் தெரிந்தவனுக்குப் படமும் ஒரு வழியாயிற்று. முகத்தைக் கொடுத்தவரோ மண் சுமந்தவர்.

2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. நாட்கள் 125 ஆயின. உடற்கூறு கொண்டு ஆளை உறுதிசெய்வதும், கைப்பேசி வழிக் கண்காணிப்பும் அதில் சட்டத்தின் பகுதியாகவே இடம்பெற்றுள்ளன. ஆகவே இந்தக் கேள்வி பழையதாகிவிடவில்லை.

என் சிற்றறிவுக்கு எட்டியவை இவை: பணியின் மதிப்பீடும் செலவும் உலகறியட்டும். பெயர்ப்பட்டியல் கிராம சபையில் படிக்கப்படட்டும். படம் வேண்டுமென்றால் கூலி கொடுத்ததும் அழிக்கப்படட்டும். விரலோ பெயரோ பொருந்தாதபோது, இயந்திரத்தின் சொல்லைவிட உடன் வேலை செய்தவர்களின் சாட்சியம் பெரிதாக மதிக்கப்படட்டும்.

நம்மில் பலர் தேர்வாணையத் தேர்வு எழுதி, நாளை அந்த மேசைக்கு அப்பால் அமரப் போகிறோம். நமக்கு எதிரே வந்து நிற்பவரிடம் 'நீ யார்?' என்று கேட்க நமக்கு அதிகாரம் இருக்கும். அவர் சொல்லும் விடையைக் காத்து வைக்கும் கடமையும் அப்போது நம்முடையதே.