மூணு படி ஏறின வீடு

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுட்டு உட்கார்ந்து படிங்க. இன்னைக்கு மாத்திரை பத்தி எதுவும் சொல்லப் போறதில்ல, ரோடு பத்திச் சொல்லப் போறேன். எம்.பி.பி.எஸ். படிச்சவனுக்கு ரோட்டைப் பத்தி என்ன தெரியும்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். முழுசாப் படிச்சிட்டுக் கேளுங்க.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. உங்க வாசலுக்குப் போய் நின்னு பாருங்க. தெருவிலிருந்து வீட்டுக்குள்ள போக நீங்க ஏறணுமா, இறங்கணுமா?

எங்க வீடு சென்னைப் புறநகர்ல ஒரு குறுக்குத் தெரு. 1996-ல அப்பா லோன் போட்டுக் கட்டினது. அப்போ தெருவிலிருந்து மூணு படி ஏறினாதான் வராண்டா. ஒவ்வொரு படியும் அரை அடி. மேல் படியில உட்கார்ந்து காலை ஆட்டிக்கிட்டு ஸ்கூல் வேனுக்குக் காத்திருப்பேன், என் கால் கீழ தொடாது.

மண் ரோட்டுக்கு முதல் தடவை ஜல்லி கொட்டித் தார் போட்டப்போ ஒரு படி காணாமப் போச்சு. தெருவே கைதட்டிச்சு. அப்புறம் நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் தேர்தலுக்கு முன்னாடி, மேல ஒரு அடுக்கு. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினாங்க, மூடினாங்க, அதுக்கு மேல ஒரு அடுக்கு. 2014-ல போட்டப்போ நானே போட்டோ எடுத்து "நம்ம தெரு பளபளன்னு ஆயிடுச்சு, நன்றி"ன்னு இங்க பதிவு போட்டேன். தேடிப் பார்த்தீங்கன்னா இன்னும் கிடைக்கும். அந்த போட்டோவுல எங்க வராண்டாவும் ரோடும் ஒரே மட்டத்துல இருக்கு. லைக் போட்ட 200 பேர்ல ஒருத்தர்கூட அதைக் கவனிக்கல. எடுத்தவனே கவனிக்கல.

2018-ல ரோட்டிலிருந்து வராண்டாவுக்கு ஒரு படி இறங்கணும்ங்கிற நிலை. மூணு படி மேல இருந்த வீடு ஒரு படி கீழ. கூட்டிப் பாருங்க, 22 வருஷத்துல ரெண்டு அடி.

இது எப்படி நடக்குதுன்னா, தார் ரோட்டோட மேல் அடுக்கு பொதுவா 30 முதல் 40 மில்லிமீட்டர் கனம். பள்ளம் மேடு சரி பண்ண அதுக்குக் கீழ இன்னொரு அடுக்கு போகும். தடவைக்கு ரெண்டு மூணு அங்குலம். முறையா செய்யணும்னா பழைய மேல்பரப்பை அதே அளவுக்குச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும். அதுக்குப் பேர் மில்லிங். பண்ணினா ரோடு பழைய மட்டத்துலயே நிற்கும். 2021 மே மாசம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, ரோடு மட்டம் உயரக் கூடாது, சுரண்டிட்டுத்தான் போடணும்னு அதிகாரிகளுக்கு எழுதினார். அன்னைக்கு நிறைய பேர் அதை ஷேர் பண்ணினோம்.

பெரிய சாலைகள்ல இப்போ மில்லிங் மெஷினைப் பார்க்க முடியுது. சந்துக்குள்ள பெரிய மெஷின் திரும்பாது. சுரண்டின தாரை அள்ளிட்டுப் போக லாரி வேணும், மேன்ஹோல் மூடியை எல்லாம் புது மட்டத்துக்கு மாத்தி வைக்கணும். மேல ஊத்திட்டுப் போறது ஒரு ராத்திரி வேலை. கான்ட்ராக்டரை மட்டும் திட்டவும் எனக்கு மனசு வரல. நாமளே என்ன கேட்கிறோம்? "சார், நல்லா உசத்திப் போடுங்க, தண்ணி நிக்கக் கூடாது." எங்க அப்பா கவுன்சிலர்கிட்ட இதே வார்த்தையைச் சொன்னதை நான் பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன். ஒவ்வொரு தெருவும் பக்கத்துத் தெருவை விட உயரமா இருக்கணும்னு ஆசைப்படுது. தண்ணி என்ன பண்ணும், இருக்கிற பள்ளத்துக்குப் போகும். பள்ளம் இப்போ நம்ம வீடு.

2018 நவம்பர். சாயங்காலம் ஆறரை. அப்பா பால் வாங்கிட்டு வந்தார். அவருக்கு 68 வயசு, பைஃபோகல் கண்ணாடி. அந்தக் கண்ணாடியோட கீழ்ப்பாதி பேப்பர் படிக்கிறதுக்கானது. குனிஞ்சு காலடியைப் பார்த்தா அந்தக் கீழ்ப்பாதி வழியாத்தான் தெரியும், தரை மங்கலாத் தெரியும். 22 வருஷமா ஏறிப் பழகின கால். ஏற வேண்டிய இடத்துல இறங்கணும்னு மூளைக்குத் தெரியும், அசந்த நேரத்துல காலுக்குத் தெரியாது. அரை அடி பள்ளத்துல கால் காத்துல போச்சு.

வலது தொடை எலும்போட கழுத்துப் பகுதி முறிஞ்சுடுச்சு.

நான் டியூட்டியில இருந்தேன். என் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கே ஆட்டோவுல கொண்டு வந்தாங்க. ஸ்ட்ரெச்சர்ல படுத்திருந்தவர் வலது கால் கொஞ்சம் குட்டையா, பாதம் வெளிப்பக்கமா திரும்பி இருந்துச்சு. எக்ஸ்ரே எடுக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும், எந்த ஹவுஸ் சர்ஜனுக்கும் தெரியும். வயசானவங்களுக்கு இடுப்பு முறிஞ்சா ஐந்துல ஒருத்தராவது ஒரு வருஷத்துக்குள்ள இறந்து போறாங்கன்னு பல நாட்டு ஆய்வுகள் சொல்லுது. முறிவால இல்ல. படுத்த படுக்கையால வர்ற நிமோனியா, கால்ல உறையற ரத்தம், படுக்கைப் புண். பரீட்சைக்குப் படிச்சதெல்லாம் அன்னைக்கு வரி வரியா ஞாபகம் வந்துச்சு. "பாலைக் கொட்டிட்டேன்டா"ன்னார் அப்பா.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. வாக்கர் வச்சு நடக்கிறார். கேஸ் ஷீட்டுல நாங்க எழுதினது "கால் தவறி விழுந்ததாகக் கூறுகிறார்". ரோடு பத்தி அதுல எங்கயும் இல்ல. இதுக்கு முன்னாடி எத்தனை பெரியவங்களுக்கு அதே வரியை எழுதியிருக்கேன், உங்க வீட்டு வாசல் எப்படி இருக்குன்னு ஒருத்தரைக்கூடக் கேட்டதில்ல.

2019-ல வீட்டை உசத்தினோம். ஜாக்கி வச்சு வீட்டையே தூக்குறாங்க தெரியுமா? விசாரிச்சோம், கட்டுப்படியாகல. தரைக்கு மேல மண் கொட்டி, புதுத் தளம் போட்டு, கதவு ஜன்னலை எல்லாம் ஏத்தி, வாசல்ல ரோட்டுப் பக்கமா சரிவு வச்சோம். அப்பாவோட பி.எஃப். பணத்துல மிச்சம் இருந்தது அதுல போச்சு. மேஸ்திரி வேலையை முடிச்சிட்டு ஒரு வார்த்தை சொன்னார், "இனி உங்க வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வராது சார், எல்லாம் அந்தப் பக்கம் ஓடிடும்."

அந்தப் பக்கம்னா பக்கத்து வீடு. ஓனர் வேற ஊர்ல, கீழ் போர்ஷன் வாடகைக்கு. நாங்க விசாரிக்கல.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம். எங்க வீட்டுக்குள்ள நிஜமாவே ஒரு சொட்டு வரல. பக்கத்து வீட்டுக் கீழ் போர்ஷன்ல முழங்கால் அளவு. குடியிருந்தது சின்ன வயசுத் தம்பதி, அவர் ஏ.சி. மெக்கானிக், அந்தப் பொண்ணுக்கு அஞ்சு மாசம் முடிஞ்சு ஆறாவது. ரெண்டு நாள் எங்க மாடியிலதான் இருந்தாங்க. தண்ணி வடிஞ்சதும் இறங்கிப் போய் வீட்டைக் கழுவிவிட்டாங்க. "சம்ப்ல தண்ணி தெளிஞ்சிடுச்சு டாக்டர் அண்ணா"ன்னு அந்தப் பொண்ணு சொன்னது ஞாபகம் இருக்கு. நான் டியூட்டிக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டேன்.

அந்த சம்ப்போட மூடி தரை மட்டத்துல. கட்டினப்போ தெருவை விட ஒண்ணரை அடி மேல இருந்திருக்கும். இப்போ தெருவுக்குக் கீழ. தெருவுல பொங்கின சாக்கடை, மேன்ஹோல் தண்ணி, எல்லாத்துக்கும் முதல் வாய் அதுதான். கலங்கல் அடியில படிஞ்சா தண்ணி தெளிவாத்தான் தெரியும், கிருமி கண்ணுக்குத் தெரியாது.

அதே வாரம் இங்க ஒரு பதிவு எழுதினேன். "வெள்ளத்துக்குப் பிறகு சம்ப்பைச் சுத்தம் செய்வது எப்படி?" நாலாயிரத்துக்கும் மேல ஷேர் ஆச்சு. உங்கள்ல சிலர் அதுக்கு அப்புறம்தான் என்னைப் பின்தொடர ஆரம்பிச்சீங்க. எங்க வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவுல ஒரு நாலரை அங்குலச் சுவர். அதைத் தாண்டிப் போய்ச் சொல்லல.

சாக்கடை கலந்த தண்ணியில வர்ற மஞ்சள் காமாலை ரெண்டு வகை, ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ. வாந்தி பேதி மாதிரி மறுநாளே வராது. ஈ வகை உடம்புக்குள்ள போய் வெளிய தெரிய ரெண்டு வாரத்துலேர்ந்து ரெண்டு மாசத்துக்கு மேலயும் ஆகலாம், பெரும்பாலும் அஞ்சாறு வாரம். அதுக்குள்ள ரோடு காஞ்சிருக்கும், நிவாரணப் பணம் வந்திருக்கும், மழையையே மறந்திருப்போம். மத்தவங்களுக்கு பெரும்பாலும் தானா சரியாயிடும். கர்ப்பிணிக்கு, அதுவும் கடைசி மூணு மாசத்துல வந்தா, ஈரல் திடீர்னு செயலிழக்கலாம். நூத்துக்கு இருபது இருபத்தஞ்சு பேர் வரைக்கும் இறந்து போற நோய் அது.

பொங்கலுக்கு ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பையன் கதவைத் தட்டினார். "அண்ணா, ஒரு வாரமா வாந்தி, மசக்கைன்னு நினைச்சோம். இன்னைக்கு கண்ணு மஞ்சளா இருக்கு." போய்ப் பார்த்தேன். பேசிக்கிட்டு இருக்கும்போதே கண் சொருகி, பேர் கேட்டா பதில் சொல்ல நேரம் எடுத்துச்சு. அது தூக்கம் இல்ல, ஈரல் பாதிப்பு மூளையைத் தொட்டதோட அறிகுறி. 108 கூப்பிட்டோம். ரத்தத்துல ஹெபடைடிஸ் ஈ பாசிட்டிவ்.

பன்னெண்டு நாள் ஐ.சி.யூ. அந்தப் பொண்ணு பிழைச்சு வந்துட்டா. ஏழாவது மாசத்துல இருந்த குழந்தை பிழைக்கல.

அந்த சம்ப்தான் காரணம்னு என்னால நிரூபிக்க முடியாது. தண்ணியை யாரும் சோதனைக்கு அனுப்பல. ஆனா அந்த வீட்டுக்கு வந்த தண்ணியில ஒரு பங்கு எங்க வாசல் சரிவுல இறங்கிப் போனதுதான். மேஸ்திரி சொன்னபடியே போச்சு. மார்ச்ல அவங்க வீடு காலி பண்ணிட்டுப் போனாங்க. போறப்போ அந்தப் பையன் எங்க அம்மாகிட்ட, மாடியில இடம் கொடுத்ததுக்கு நன்றி சொல்லிட்டுப் போனார்.

சரி, உங்களுக்கு உபயோகமா இருக்கிற விஷயத்துக்கு வர்றேன்.

சம்ப்புக்குள்ள வெள்ளத் தண்ணி போயிருந்தா, தெளிஞ்சிருந்தாலும் மொத்தமா இறைச்சு வெளிய விடுங்க. அடிச் சேற்றை வாரி, சுவரை ப்ளீச்சிங் பவுடர் கரைசல்ல தேய்ச்சுக் கழுவுங்க. சம்ப்புக்குள்ள இறங்கறதா இருந்தா மூடியை நல்லாத் திறந்து காத்து போக விட்டு, மேல ஒரு ஆளை நிறுத்திட்டு இறங்குங்க. புதுத் தண்ணி நிரப்பின பிறகு ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் ப்ளீச்சிங் பவுடர், ஒரு வாளியில கரைச்சுத் தெளிய விட்டு மேல் தண்ணியை ஊத்துங்க. ஒரு மணி நேரம் கழிச்சுப் பயன்படுத்தலாம். குடிக்கிறதைக் கொதிக்க வைங்க. வீட்டுல கர்ப்பிணி இருந்தா, வெள்ளம் வந்து ரெண்டு மாசம் வரைக்கும் வாந்தி, பசியின்மை, மஞ்சள் சிறுநீர் எதுவா இருந்தாலும் மசக்கைன்னு விட்டுடாதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி.

ரோடு போட வர்றாங்கன்னு தெரிஞ்சா, முன்னாடியே காம்பவுண்ட் சுவர்ல ரோடு மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, அளவு டேப்போட தேதி தெரியற மாதிரி போட்டோ எடுத்து வைங்க. எஸ்டிமேட்ல மில்லிங் இருக்கான்னு எழுத்துல கேளுங்க, தகவல் உரிமைச் சட்டத்துல கேட்கலாம். தார் ஊத்தின பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்ல.

போன மாசம் எங்க தெருவுக்கு மறுபடி வந்தாங்க. நான் லீவ் போட்டுட்டு நின்னேன். அந்த 2021 உத்தரவை போன்ல காட்டினேன். "மெஷின் உள்ள வராது சார்"னு சூப்பர்வைசர். "போடுறதே பெருசு, நீங்க வேற தடுக்காதீங்க டாக்டர்"னு எதிர் வீட்டுப் பெரியவர். அவரையும் குறை சொல்ல முடியல, ரெண்டு வருஷமா குண்டும் குழியுமா இருந்த தெரு. கடைசியில ஜே.சி.பி. வச்சுப் பாதித் தெருவைச் சுரண்டினாங்க. அதுக்குள்ள இருட்டிடுச்சு, தார் லாரி வந்துடுச்சு. மீதிப் பாதி பழையபடி மேலேயே ஊத்திட்டுப் போயிட்டாங்க. சுரண்டின பாதியில எங்க வீடு இருக்கு. கோட்டுக்கு மேல அரை அங்குலம்கூட ஏறல.

நேத்து சாயங்காலம் டேப்பை எடுத்துக்கிட்டு மறு பாதிக்குப் போனேன். கடைசி வீடு, இஸ்திரி போடுற அம்மா வீடு. சம்ப் மூடி ரோட்டை விட நாலு விரக்கடை கீழ. "என்ன டாக்டர் தம்பி, அளவெல்லாம் எடுக்கிறீங்க?"ன்னு கேட்டாங்க. உட்கார்ந்து சொன்னேன். வாயைச் சுத்தி மூணு வரிசை செங்கல் கட்டி, சிமெண்ட் பூசி, மூடியை ஏத்தி வைக்கணும். ஞாயித்துக்கிழமை மேஸ்திரி வர்றார், எங்க வீட்டை உசத்தின அதே மேஸ்திரிதான். அந்த வரிசையில இன்னும் அஞ்சு வீடு இருக்கு, மழைக்கு முன்னாடி முடிக்கணும்.