பாடுவதற்கென்றே ஒரு பெட்டி

பழைய கம்ப்யூட்டரால் நல்ல ஒலியைத் தர முடியுமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் ஒரு கணக்கைச் சொல்வேன். சிடியில் இருக்கும் இசை நொடிக்கு 44,100 மாதிரிகள். ஒவ்வொன்றும் 16 பிட். இடது, வலது என்று இரண்டு சேனல்கள். பெருக்கினால் நொடிக்கு 1,411 கிலோபிட், ஏறத்தாழ 176 கிலோபைட். 2005 வாக்கில் வாங்கிய சாதாரண ஹார்டுடிஸ்க்கே நொடிக்கு 50 மெகாபைட் படிக்கும். இன்றைய பிரௌசரைத் திறக்கத் திணறும் மெஷினுக்குக்கூட, பாட்டு மட்டும்தான் வேலை என்றால் ஒரு பாரமும் இல்லை.

வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று தெரிந்துவிட்டால், பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்கான ஜூக்பாக்ஸாக, அதாவது கேட்ட பாட்டைப் பாடும் பெட்டியாக மாற்றும் வேலையில் மிஞ்சுவது இரண்டே விஷயம். பெட்டி தன் சத்தத்தை வெளியே காட்டக் கூடாது. கேட்ட பாட்டைக் கேட்டவுடன் எடுத்துத் தர வேண்டும். அமைதி, ஒழுங்கு. வீட்டில் ஒரு ஜூக்பாக்ஸ் கட்டுகிறவரின் உழைப்பெல்லாம் இந்த இரண்டிலும்தான் செலவாகிறது.

சென்னை ரிச்சி தெருவிலோ உறவினர் வீட்டுப் பரணிலோ பழைய மதர்போர்டு கிடைத்தால், ப்ராசஸர் பெயரைப் பார்ப்பதற்கு முன் கப்பாசிட்டர்களைப் பாருங்கள். தலை தட்டையாக இருந்தால் நல்லது. உப்பியிருந்தாலோ, மேலே பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடலாம். 2000-களின் முற்பாதியில் வந்த பல போர்டுகள் இந்த ஒரு நோயால்தான் செத்தன. அடுத்துப் பார்க்க வேண்டியது சூடு. பென்டியம் 4-இன் பிற்கால ரகங்கள் 80 வாட்டுக்கு மேல் கக்கும். அந்தச் சூட்டை வெளியேற்ற ஃபேன் கத்தியே ஆக வேண்டும். 2008-இல் வந்த இன்டெல் ஆட்டம் 230 நான்கு வாட்டோடு நிற்கும். ஆனால் அது பொருத்தப்பட்டு வந்த டி945ஜிசிஎல்எஃப் போர்டில் பக்கத்துச் சிப்செட்தான் சுடும். ஃபேனும் அதன் தலையில்தான் இருக்கும். இன்னொன்றும் உண்டு. 2025-இல் வந்த டெபியன் லினக்ஸ் 13-ஐ 32 பிட் மெஷின்களில் நிறுவ முடியாது. 64 பிட் தெரிந்த கோர் 2 டுவோ கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

அமைதிக்கான வேலை ஃபேனில் தொடங்கும். பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் நான்கு பின் ஒயரில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு இரண்டும் கிரவுண்டு. மஞ்சளில் ஓடும் 120 மில்லிமீட்டர் கேபினெட் ஃபேனைச் சிவப்புக்கு மாற்றினால், சுற்றுவதே காதில் விழாது. சில ஃபேன்கள் 5 வோல்ட்டில் கிளம்ப மறுக்கும். கையால் தள்ளிவிட்டு ஓட வைக்காதீர்கள், வேறு ஃபேன் பாருங்கள். மாற்றியபின் ஒரு மே மாத மதியம் முழுக்கப் பாட விட்டுச் சூட்டை அளந்து பார்த்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். ஹார்டுடிஸ்க்கை நேரடியாகத் தகரத்தில் முடுக்கினால் கேபினெட் முழுவதும் தவில் தோல்போல அதிரும். ஸ்க்ரூவுக்கும் தகரத்துக்கும் நடுவே ரப்பர் வாஷர் போட்டால் அந்த ரீங்காரம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அதற்குப் பிறகுதான் ஒயருக்குள் இருக்கும் சத்தம் தெரியவரும். போர்டிலேயே இருக்கும் சவுண்டு சர்க்யூட்டில், டிஸ்க் படிக்கும்போதெல்லாம் ஒரு கரகரப்பு ஸ்பீக்கரில் கேட்கும். டிஜிட்டல் பாட்டை ஸ்பீக்கருக்கான சிக்னலாக மாற்றும் ஒரு யுஎஸ்பி டிஏசியைக் கேபினெட்டுக்கு வெளியே வைத்தால் அது பெரும்பாலும் போய்விடும். பிசிஎம்2704 சிப் போட்ட எளிய ரகமே போதும். சீரான 'ம்ம்ம்' என்ற ஹம் வந்தால் அது பெரும்பாலும் எர்த் லூப். கம்ப்யூட்டரும் ஆம்ப்ளிஃபயரும் வேறு வேறு பிளக் பாயின்ட்டில் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குக் கொண்டுவாருங்கள். அதிலும் போகாவிட்டால் ஆடியோ ஒயரின் நடுவே ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். த்ரீ பின் பிளக்கின் எர்த் காலை வெட்டச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. ஹம் போகும், ஷாக் அடித்தால் உயிரும் போகும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

சாஃப்ட்வேர் பக்கம் வேலை குறைவு. திரை, டெஸ்க்டாப் எதுவும் வேண்டாம். மியூசிக் பிளேயர் டீமன் என்கிற எம்பிடி பின்னணியில் ஓடும். வீட்டு வைஃபையில் இருக்கும் எந்தப் போனிலிருந்தும் அதற்குக் கட்டளை தரலாம். பாட்டை லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சா வழியாக டிஏசிக்கே நேராக அனுப்பும்படி எழுதிவிடுங்கள். இல்லையென்றால் 44,100 மாதிரிகளை வழியில் 48,000-ஆக மாற்றி அனுப்பும் இடைத்தரகு நடக்கக்கூடும். போன் பிடிக்காத பெரியவர்களுக்கு ஒரு யுஎஸ்பி நம்பர் பேட் செருகி, எந்த எண்ணுக்கு எந்த ஆல்பம் என்று ட்ரிக்கர்ஹாப்பி என்ற சிறு புரோகிராமில் எழுதலாம். எண்ணை அழுத்தினால் பாட வேண்டும். ஜூக்பாக்ஸ் என்ற பெயருக்கே அந்தச் சுகம்தான் ஆதாரம். கரண்ட் போய் வந்தால் தானே எழுந்துகொள்ளும்படி பயாஸில் மாற்றிவிட்டு, பாட்டு இருக்கும் பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் மவுன்ட் செய்தால், மின்வெட்டில் பாட்டுக் கோப்புகள் கெடும் பயமும் குறையும்.

கச்சேரிப் பதிவுகளில் ஒரு சோதனை உண்டு. ஆலாபனை ஒரு டிராக், கிருதி அடுத்த டிராக் என்று சிடியில் வெட்டியிருப்பார்கள். வெட்டின இடத்தில் அரை நொடி மௌனம் விழுந்தாலும் தம்புரா அறுந்தது போலிருக்கும். எம்பி3-ஆக மாற்றும்போது பாட்டின் முன்னும் பின்னும் கொஞ்சம் வெறுமை ஒட்டிக்கொள்ளும். 2001-இல் வந்த ஃப்ளாக் வடிவத்தில் அது கிடையாது; இசையில் ஒரு துளியும் தொலைவதில்லை; இடமும் சிடியில் ஏறக்குறைய பாதி அளவே பிடிக்கும். ஒரு மணிநேரச் சிடிகள் ஆயிரத்துக்கு மேல் 500 ஜிபி டிஸ்க்கில் அடங்கும்போது சிக்கனம் பார்க்கக் காரணமே இல்லை.

இனி ஒழுங்கு. வருடக்கணக்கில் நடக்கும் வேலை இது. பாட்டுக் கோப்புக்குள் எழுதும் டேக் மேல்நாட்டு ஆல்பத்தை மனதில் வைத்து அமைந்தது: ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், டைட்டில். நமக்கோ ஒரு பாட்டு என்றால் படம், இசையமைப்பாளர், கவிஞர், பாடியவர்கள், ஆண்டு எல்லாம் சேர்ந்ததுதான். ஆல்பத்தில் படம், கம்போஸரில் இசையமைப்பாளர், ஆர்ட்டிஸ்டில் பாடியவர்கள் என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டு அதிலிருந்து விலகாமல் இருக்க வேண்டும். கச்சேரிக்குக் கம்போஸர் கிருதியை இயற்றியவர், உதாரணமாகத் தியாகராஜர்; ராகத்தை க்ரூப்பிங் என்ற இடத்தில் வைத்தால் எல்லாக் கல்யாணியும் ஒரே பட்டியலில் வந்து நிற்கும்.

மெஷின் நம்மைப் போல் யோசிக்காது. 'ஆயிரத்தில் ஒருவன்' 1965-இலும் உண்டு, 2010-இலும் உண்டு. ஆல்பம் பெயர் மட்டும் போட்டால் விஸ்வநாதன்-ராமமூர்த்தியும் ஜி.வி. பிரகாஷ்குமாரும் ஒரே படத்துக்கு இசையமைத்ததாகிவிடும். பெயரோடு ஆண்டையும் சேர்த்தால் தீர்ந்தது. ஆங்கில எழுத்தில் இளையராஜாவின் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். அத்தனையும் தனித்தனி ஆட்களாக நிற்கும். தமிழிலேயே எழுதலாம் என்றால் அங்கும் ஒரு கண்ணி. 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தேடும்போது ஒன்று அகப்படும், மற்றது ஒளிந்துகொள்ளும். எல்லாவற்றையும் ஒரே முறைக்கு மாற்றும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எப்போதும் கையில் வைத்திருக்கிறேன்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். போர்டு ஒருநாள் போய்விடும். எஸ்எம்பிஎஸ் அதற்கு முன்பே போகும். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு பழைய மெஷினில் மாட்டி, எம்பிடியின் ஒரு பக்கக் கான்ஃபிக் கோப்பை நகலெடுத்தால் அன்று மாலையே பெட்டி மறுபடி பாடும். டேக் எல்லாம் பாட்டுக்குள்ளேயே இருப்பதால் எழுதிய ஒரு பெயரும் தொலையாது. இரண்டாவது டிஸ்க்கில் ஒரு நகல் இருந்தால் டிஸ்க் போனாலும் கவலையில்லை. பாகங்களைத் தேடிக் கடைக்குப் போவதற்கு முன்பே, கையில் இருக்கும் பாட்டுகளுக்குச் சரியான பெயர் எழுதத் தொடங்கிவிடுங்கள். அதில் போட்ட உழைப்பு எந்தப் பெட்டிக்கும் ஒத்துவரும்.