பிஸ்லியில் ஓர் இடக்கைக்காரர்

இலண்டன் வாட்டர்லூ நிலையத்திற் புகையிரதம் ஏறிப் புறூக்வுட்டில் இறங்கினால், பிஸ்லி துவக்குச்சூட்டு மைதானம் அண்மையிலேயே உள்ளது. 1860ஆம் ஆண்டு விம்பிள்டனில் விக்டோரியா மகாராணியார் முதல் வெடி தீர்த்துத் தொடக்கிவைத்த போட்டி, 1890 முதல் இங்கு நடைபெற்று வருகின்றது. 'ஸ்டிக்கிள்டவுன்' என்னும் திடலில் 1,200 யார் தொலைவிலுள்ள இலக்கையும் சுடுகின்றனர்.

புற்றரையில் வரிசையாகக் குப்புறக் கிடந்தோருள் ஒருவர் மட்டும் கால்களை மறுபுறமாக நீட்டியிருந்தார். இடக்கைக்காரர்! அவர் கால்கள் வலப்பக்கத்தவரின் கால்களோடு இடறின.

ஓய்வுவேளையில் அவரை அணுகினேன். துவக்கின் 'போல்ட்' என்னும் தாழ் வலப்புறத்தில் இருப்பதே வழக்கம். வலக்கைக்காரர் துவக்கைத் தோளினின்று எடாமலே தாழை இழுத்து அடுத்த ரவையை ஏற்றுவர். இடக்கைக்காரரோ விசையிலிருந்து கையை எடுத்துத் துவக்கின் மேலாக வளைத்தல் வேண்டும். நிலை குலையும், குறியும் விலகும். 1985இல் பிரித்தானியப் படை ஏற்ற எஸ்.ஏ.80 துவக்கை இடத்தோளில் வைத்துச் சுடுதல் ஆகாது; வெற்று ரவைக்கோது முகத்திலே பாயும்.

"வலத்தோளுக்கு மாறலாகாதா?" என்றேன்.

"கையை மாற்றலாம் ஐயா, கண்ணை மாற்ற முடியுமா? எனக்குக் குறி காட்டுவது இடக்கண்தான். ஆகவே, தாழை இடப்புறத்தில் அமைத்த துவக்கொன்றை வாங்கினேன்" என்றார்.

இடக்கையால் எழுதியமைக்காகப் பள்ளியிற் பிரம்படி பட்ட என் விரல்கள் ஒருகணம் கூசின. மாலையிற் புகையிரதத்தில் நாட்குறிப்பை விரித்து, நெடுங்காலத்தின் பின் பேனாவை இடக்கையிற் பிடித்தேன். எழுத்துக் கோணலாகவே வந்தது. வீட்டில் இடக்கைப் பிள்ளையுள்ள பெற்றோர் இதனைச் சிந்திப்பார்களாக.