பாலாய் பாங்கும் அத்திம்பேரும்

1960 ஆகஸ்ட் 8-ஆம் தேதியைப் பற்றி எனக்கும் என் அத்திம்பேருக்கும் நடக்கிற சண்டைக்கு வயது பதினைந்துக்கு மேல் ஆகிறது. நான் கலிஃபோர்னியாவில், அவர் பாலக்காட்டுக் கல்பாத்தியில். அந்த நாளில் நாங்கள் இரண்டு பேருமே சம்பவ இடத்தில் இல்லை. நான் பிறக்கவே இல்லை. அவர் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு, பம்பாய்க்கு எப்போது ரயிலேறலாம் என்று அக்ரஹாரத்துத் திண்ணையில் காத்திருந்த காலம். ஆனாலும் சண்டை என்னமோ நேற்று நடந்த விஷயம் மாதிரிதான் நடக்கும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் கொசுவர்த்தி. அன்றைக்குத்தான் ரிசர்வ் வங்கி கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போய், பாலாய் சென்ட்ரல் பாங்கைக் கலைக்கச் சொல்லி மனுப் போட்டது. கோட்டயத்துக்குப் பக்கத்தில் பாலா என்கிற ஊரில் 1927-ல் ஆரம்பித்த வங்கி அது. மூடும்போது கேரளத்திலேயே பெரிய வங்கி. ரப்பர்த் தோட்டக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், பெண் கல்யாணத்துக்குச் சேர்த்தவர் என்று எல்லார் பணமும் அதற்குள் இருந்தது. மனு போட்டால் நீதிபதி விசாரித்து முடிவு செய்வார் என்றுதானே நினைப்போம்? அப்போதைய சட்டப்படி, ரிசர்வ் வங்கி கேட்டால் நீதிமன்றம் கலைக்க உத்தரவு போட்டே ஆகவேண்டும். இது அநியாயம் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1962-ல் பெரும்பான்மை நீதிபதிகள் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள்.

அத்திம்பேரின் கட்சி: பாங்க் சாகவில்லை, கொன்றார்கள்.

"பாங்க்னா என்னடா? நம்ம அம்பலத்துக் கொளம் மாதிரியாக்கும். ஊர்ல எல்லாரும் ஒரே நாள்ல கொடத்தை எடுத்துண்டு வந்தா வத்தத்தான் செய்யும். அதுக்காகக் கொளத்தை மண்ணு போட்டு மூடுவாளோ? நாலு லாரி தண்ணி கொண்டுவந்து விடவேண்டாமோ? அதுக்குத்தானே ரிசர்வ் பாங்க்னு ஒண்ணை வெச்சிருக்கா?"

அந்த வருஷம் லக்ஷ்மி பாங்க் என்று இன்னொன்று கவிழ்ந்து ஜனங்கள் ஏற்கெனவே பயந்துபோயிருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்வார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வாதம்.

என் கட்சி: குளத்தில் தண்ணீர் இருந்தால்தானே? திரும்பி வராத கடன்கள் அந்த வங்கியில் குவிந்திருந்தன. 1950-களில் ரிசர்வ் வங்கி பலமுறை சோதனை போட்டு அதைப் பார்த்தும் விட்டது. க்யூ என்பது வியாதியல்ல, ஜுரம் மட்டும்தான் என்பேன்.

இந்த வழக்கு 1960-ல் ஆரம்பித்ததும் இல்லை. 1938-ல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் கொயிலோன் பாங்க் கவிழ்ந்தபோதும் இதே கேள்விதான். திவான் சி.பி. ராமஸ்வாமி ஐயர் அரசியல் பகையால் கவிழ்த்தார் என்று ஒரு கட்சி, வங்கியே உள்ளுக்குள் அழுகியிருந்தது என்று மறு கட்சி. இன்றைக்கும் தீர்ந்தபாடில்லை. கேரளத்தில் வங்கி விழுந்தால் சர்க்கார்தான் தள்ளியது என்று சொல்ல எப்போதும் பாதிப்பேர் இருப்பார்கள். மீதிப்பேர் சர்க்கார் ஏன் முன்னாலேயே தள்ளவில்லை என்பார்கள்.

எனக்குக் கோபம் அந்த ஆகஸ்ட் 8-ஆம் தேதி மேல் இல்லை, அதற்கு முந்தைய வருஷங்கள் மேல். வங்கி மெலிந்துபோயிருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியும், ரிசர்வ் வங்கிக்குத் தெரியும். 1959-ல் சம்பளத்தை அங்கே போட்ட வாத்தியாருக்கு மட்டும் தெரியாது. இதை ஒருதரம் அத்திம்பேரிடம் சொன்னேன். பட்டென்று பதில் வந்தது.

"அப்பவே சொல்லியிருந்தா அப்பவே க்யூ நின்னிருக்கும். பத்து வருஷம் முன்னாடியே மூடியிருப்பா. அதானே நோக்கு வேணும்?"

அதுவும் சரிதான். சொன்னாலும் க்யூ, சொல்லாவிட்டாலும் ஒருநாள் க்யூ. இதிலிருந்து தப்பிக்க எனக்குத் தெரிந்து ஒரே வழி, வங்கியின் தலைவிதியையும் அதில் பணம் போட்டவனின் தலைவிதியையும் தனித்தனியாகப் பிரிப்பதுதான். வங்கி போகட்டும், போட்டவன் போகக்கூடாது. 1960-ல் சர்க்கார் கையில் அதற்கான கத்தரிக்கோல் இல்லை. பாலாய் விழுந்த பிறகுதான் செய்தார்கள். அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி, தள்ளாடும் வங்கியில் கொடுக்கல் வாங்கலைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்து, வேறொரு வங்கியோடு இணைக்கிற அதிகாரத்தை எடுத்துக்கொண்டார்கள். 1962 ஜனவரி 1 முதல் டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் வந்தது. ஆளுக்கு, வங்கிக்கு 1,500 ரூபாய்.

முதல் கத்தரிக்கோல் எங்கள் வீட்டிலேயே விழுந்தது. தாத்தாவுக்குப் பாட்ட நெல் வரும் (1970 ஜனவரியோடு நிலச் சீர்திருத்தத்தில் அதுவும் போயிற்று, அது தனிக்கதை). அதை விற்ற பணத்தை அத்தை கல்யாணத்துக்கென்று ஒரு சின்ன வங்கியில் போட்டுவைத்திருந்தார். பேர் வேண்டாம். பாலாய்க்கு அப்புறம் கேரளத்துச் சின்ன வங்கிகள் ஒவ்வொன்றாக இணைக்கப்பட்டபோது அதுவும் ஒரு பெரிய வங்கிக்குள் போனது. தாத்தா கணக்கில் ஒரு பகுதி உடனே வந்தது. மீதி, பழைய வங்கியின் வாராக் கடன் வசூலாக வசூலாக, வருஷக் கணக்கில். முகூர்த்தம் இரண்டு தடவை தள்ளிப்போய், 1963-ல்தான் கல்யாணம். மாப்பிள்ளை, இதற்குள் பம்பாயில் ஒரு வங்கியில் குமாஸ்தாவாகிவிட்ட நம்ம அத்திம்பேர்.

"உன் அத்தையைத் தவணை முறையில கல்யாணம் பண்ணிண்டவன் நான்" என்று எத்தனை விருந்தில் சொல்லியிருப்பாரோ. அத்தை இதற்கு ஒருதரம்கூடச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அத்திம்பேருக்கு அந்த 1,500 ரூபாய் வெறும் பிச்சை. அவருடைய புண்ணிய தினம் 1969 ஜூலை 19, இந்திரா காந்தி பதினான்கு வங்கிகளை நாட்டுடைமை ஆக்கிய நாள். 2008 செப்டம்பரில் லேமன் கவிழ்ந்து, மறுநாளே ஏ.ஐ.ஜி.க்கு இங்கே சர்க்கார் 85 பில்லியன் டாலர் கடன் கொடுத்தபோது, அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டிருக்கவேண்டும். "எங்க பாங்க் ஒண்ணும் முழுகலையேடா!" எங்கள் சண்டையின் பிள்ளையார்சுழி அந்த ஃபோன்தான்.

முழுகவில்லைதான். ஆனால் முழுகாமலிருக்க ஆகும் செலவும் யாரோ கொடுப்பதுதானே. 2017 அக்டோபரில் பொதுத்துறை வங்கிகளுக்கு 2.11 லட்சம் கோடி ரூபாய் மூலதனம் என்று அறிவித்தார்கள். க்யூவில் யாரும் நிற்கவில்லை, அதனால் யாரும் பெரிதாகப் பேசவுமில்லை. கலைத்து மூடியிருந்தால் டெபாசிட்காரன் தலையில், மூலதனம் போட்டால் வரி கட்டுகிறவன் தலையில். இதை நான் சொன்னால் அத்திம்பேர் பேச்சைத் தேர்த் திருவிழாவுக்கு மாற்றிவிடுவார் :-)

2023 மார்ச்சில் சண்டை புதுசாகச் சூடு பிடித்தது. சாண்டா கிளாராவில் இருந்த சிலிக்கன் வேலி பாங்க் விஷயம். வட்டி விகிதம் ஏறியதால், அவர்கள் முன்னால் வாங்கிக் குவித்திருந்த கடன் பத்திரங்களின் மதிப்பு விழுந்துவிட்டது. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, கணக்கறிக்கையிலேயே இருந்தது. டெபாசிட்டில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இன்ஷூரன்ஸ் வரம்பான இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டியது. மார்ச் 9 ஒரே நாளில் 42 பில்லியன் டாலர் வெளியேறியது, பெரும்பாலும் தெருவில் க்யூ இல்லாமலே. மறுநாள் மூடினார்கள். 12-ஆம் தேதி ஞாயிறு சாயங்காலம், வரம்பெல்லாம் கிடையாது, எல்லார் பணமும் முழுசாகத் தருகிறோம் என்று அறிவித்தார்கள்.

விடிந்ததும் கல்பாத்தியிலிருந்து ஃபோன்.

"கேட்டியோ? உங்க ஊர்ல கம்பெனிக்காராளுக்காக ஞாயித்துக்கிழமை கூடி உக்காந்து பணம் தரேங்கறா. பாலாவுல இருந்த வாத்தியாருக்கு அந்த ஞாயித்துக்கிழமை கெடைக்கலையே."

பங்குதாரர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, நிர்வாகிகளைத் துரத்தினார்கள், வங்கியைக் காப்பாற்றவில்லை, போட்டவர்களை மட்டும்தான் காப்பாற்றினார்கள், நான் சொல்லுகிற கத்தரிக்கோல் இதுதான் என்றேன். வரம்பைத் தாண்டியவனுக்கும் கொடுத்தால் அப்புறம் வரம்பு எதற்கு என்று கேட்டார். அதற்கு இங்குள்ள பெரிய தலைகளிடமே நல்ல பதில் இருப்பதாகத் தெரியவில்லை.

நிற்க. இவ்வளவு பேசுகிற மனுஷர், ஓய்வூதியப் பணத்தில் ஒரு நல்ல பங்கை எங்கே போட்டிருந்தார் தெரியுமா? பக்கத்திலிருந்த ஒரு சர்வீஸ் கோ-ஆபரேட்டிவ் பாங்கில். வட்டி கொஞ்சம் கூட. பெயரில் பாங்க் இருக்கிறதே தவிர, இந்த மாதிரி ஆரம்ப வேளாண் கடன் சங்கங்கள் மத்திய டெபாசிட் இன்ஷூரன்ஸுக்குள் வராது. இந்தச் சங்கங்கள் பாங்க் என்று போட்டுக்கொள்வதைப் பற்றி 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. மாநில அரசுக்குத் தனியாக ஓர் உத்தரவாத நிதி இருக்கிறது, அது வேறு கணக்கு. திருச்சூர் பக்கம் கருவன்னூரில் 2021-ல் அப்படி ஒரு சங்கத்தில் மோசடி வெளியானபோது, வைத்தியத்துக்குப் போட்ட பணத்துக்குக்கூட ஜனங்கள் அல்லாடினார்கள். ஊரில் அப்பா அம்மாவை விட்டுவிட்டு இங்கே இருப்பவர்கள் ஃபோனில் சாப்பாடு, மாத்திரை எல்லாம் விசாரிக்கிறோம். டெபாசிட் ரசீதில் என்ன பெயர் அச்சாகியிருக்கிறது என்றும் ஒருதரம் கேட்டுவிடுங்கள்.

போன வருஷத் தேருக்குப் போயிருந்தபோது பாஸ்புக்கையெல்லாம் ஊஞ்சலில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். 2020 பிப்ரவரியிலிருந்து வரம்பு 5 லட்சம், வட்டியும் அதற்குள் அடக்கம். அத்தை பெயரில் ஒன்று, அவர் பெயரில் ஒன்று, இரண்டு பேர் பெயரிலும் சேர்த்து ஒன்று என்றால் அது தனித்தனிக் கணக்கு. இரண்டு வங்கிகளில் இப்படிப் பிரித்துப் போட்டோம். கோ-ஆபரேட்டிவில் மூன்று லட்சத்துக்கு மட்டும் கையை வைக்க விடவில்லை.

"அது கெடக்கட்டும்டா. அங்க செக்ரட்டரிக்கு என்னை நன்னாத் தெரியும்."

சமையலறையிலிருந்து அத்தை குரல் வந்தது. "எங்கப்பாவுக்கும் அந்த பாங்க் ஏஜென்ட்டை நன்னாத்தான் தெரியும்."

அத்திம்பேர் ஒன்றும் சொல்லாமல் பாஸ்புக்குகளை அடுக்க ஆரம்பித்தார். அந்த மூன்று லட்சம் தை மாசம் முதிர்கிறதாம். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார்.