கையில் கட்டத்தான் வாட்ச்

லட்சக்கணக்கில் கொட்டி வாங்குகிற மெக்கானிக்கல் வாட்ச், தெருமுனைக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேட்டரி வாட்ச் அளவுக்குச் சரியாக மணி காட்டாது. ஷோரூமில் இதைச் சொல்ல மாட்டார்கள். சுவிட்சர்லாந்தில் கோஸ்க் என்ற அமைப்பு, வாட்ச் இயந்திரங்களை 15 நாள் படுக்க வைத்தும் நிறுத்தி வைத்தும், சூட்டிலும் குளிரிலும் சோதித்து 'க்ரோனோமீட்டர்' சான்றிதழ் கொடுக்கிறது. அதில் தேறிய இயந்திரமே நாளொன்றுக்குச் சராசரியாக 4 விநாடி பிந்தலாம், 6 விநாடி முந்தலாம். பேட்டரியில் ஓடும் சாதாரண குவார்ட்ஸ் வாட்சோ மாதம் முழுவதற்கும் சேர்த்து 15 விநாடி தப்பினால் அதிகம். 1969 கிறிஸ்துமஸ் அன்று டோக்கியோவில் சீக்கோ தன் குவார்ட்ஸ் 'அஸ்ட்ரான்' வாட்சை விற்பனைக்கு வைத்தபோதே அந்தப் போட்டி முடிந்துவிட்டது.

என் தங்கை மகனுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் ஒன்று வாங்கப் போகிறானாம். "தினமும் ஆபீசுக்குக் கட்டிக்கிட்டுப் போற மாதிரி ஒண்ணு சொல்லுங்க மாமா" என்கிறான். ஏன் என்று நான் கேட்கவில்லை. பேட்டரி இல்லாமல், முறுக்கிய வில் விரியும் விசையில் மட்டும் விநாடிக்கு எட்டு முறை துடித்துக்கொண்டு, ஒரு நாளின் 86,400 விநாடிகளில் நாலைந்தை மட்டும் கோட்டைவிடுகிற பொருள்மேல் ஆசை வருவது இயல்புதான். நகை வாங்குகிறவர்களிடம் காரணமா கேட்கிறோம்? தினமும் கட்ட வேண்டும் என்றானே, அதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

இன்றைக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் வாட்சுகளில் பல, அடிபடவே பிறந்தவை. ரோலெக்ஸ் 1926இல் தண்ணீர் புகாத 'ஆய்ஸ்டர்' கூட்டைக் கொண்டுவந்தது. மறு வருடம் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற லண்டன் டைப்பிஸ்ட் பெண் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். குளிரில் விறைத்துப்போன அவரைக் கரை சேருமுன்பே படகில் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. ஜேகர் லெகூல்த்ரின் 'ரிவர்ஸோ' கதை நம் நாட்டில் தொடங்குகிறது. இங்கே போலோ ஆடிய வெள்ளைக்கார அதிகாரிகளின் வாட்ச் கண்ணாடி ஆட்டத்தில் உடைந்துகொண்டே இருந்ததாம். டயலைத் திருப்பி உள்பக்கம் மறைத்துக்கொள்ளும் வாட்ச் 1931இல் அதற்காகவே வந்தது. இப்போது ரிவர்ஸோ வாங்கியவர் அதை எந்த மட்டைக்கு முன்னாலும் நீட்டுவதில்லை. லாக்கரில் வைத்துவிட்டு, கல்யாணத்துக்கு எடுத்துக் கட்டுகிறார்.

ஆகவே அவனிடம் முதலில் கேட்டது இதுதான்: மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது சட்டைக் கையை இழுத்து வாட்சை மறைக்கத் தோன்றுமா? தோன்றினால் அந்த விலை உனக்கு அதிகம், ஒரு படி இறங்கு. வாங்க முடிகிற விலை வேறு, பயமில்லாமல் கட்ட முடிகிற விலை வேறு. கிராண்ட் சீக்கோக்காரர்கள் துளி அலை தெரியாமல் இழைத்து வைத்திருக்கும் பக்கங்களைப் பார்த்தால் எனக்கு வாங்கத் தோன்றும், கட்டத் தோன்றாது.

அடுத்தது நம் ஊர் வெயில். விளம்பரப் படங்களில் வரும் முதலைத்தோல் வார் குளிர்தேசத்து மணிக்கட்டுக்கானது. சென்னையின் மே மாதத்தில் எந்தத் தோல் வாரும் வியர்வையைக் குடித்து நாறத் தொடங்கிவிடும். ஸ்டீல் செயின்தான் சரி. அதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஏ.சி. ஷோரூமில் கச்சிதமாக அளந்து கண்ணி கழற்றிய செயின், பகல் இரண்டு மணிக்கு ஸ்கூட்டரில் சிக்னலில் நிற்கும்போது வீங்கிய மணிக்கட்டை இறுக்கும். ராத்திரி மறுபடி தொளதொளக்கும். ஒரு கண்ணியைச் சேர்த்தால் அதிகம், எடுத்தால் போதாது. அதனால்தான் இயந்திரத்தைப் பார்க்குமுன் பூட்டைப் பார் என்றேன். ரோலெக்ஸின் சில பூட்டுகளில் செயினை 5 மில்லிமீட்டர் நீட்டிக் குறைக்கலாம். ட்யூடரின் 'டி-ஃபிட்' பூட்டில் ஐந்து படிகளாக 8 மில்லிமீட்டர் வரை, எந்தக் கருவியும் இல்லாமல் விரலாலேயே நகர்த்தலாம். பின்பக்கக் கண்ணாடி வழியே தெரியும் அலங்கார வேலைப்பாட்டை வாங்கிய வாரம் ரசிப்போம். பூட்டைத் தினமும் தொடுவோம். ட்யூடரைவிடப் பல மடங்கு விலையுள்ள சில வாட்சுகளில்கூட இந்த வசதியைக் காணோம், என்ன நியாயமோ!

டயல் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பதோடு, செயின் மாட்டும் மேல் காதிலிருந்து கீழ்க் காது வரை எவ்வளவு நீளம் என்றும் கேட்க வேண்டும். அது மணிக்கட்டைத் தாண்டினால் கதவு, கிரில், மேசை விளிம்பு எல்லாவற்றிலும் இடிக்கும். டயலில் 30 மீட்டர் என்று போட்டிருந்தால் கை கழுவலாம், அவ்வளவுதான். 100 மீட்டரும், திருகி மூடுகிற சாவியும் இருந்தால் நம் மழைக்குப் போதும். போன் கவரிலும் கைப்பையிலும் இருக்கும் காந்தம் ஏறினால் வாட்ச் திடீரென்று வேகமாக ஓடும். அதற்கு ஓமேகா நல்ல வழி கண்டிருக்கிறது, அதன் இன்றைய இயந்திரங்களில் பல 15,000 காஸ் வரை அசராது.

பராமரிப்புச் செலவை வாங்கும்போது மறந்துவிடுகிறோம். உள்ளே இருக்கும் எண்ணெய் உலரும். ஐந்திலிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை பிரித்துக் கழுவி எண்ணெய் போட வேண்டும். 1961இல் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் வாட்ச் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. ஆனாலும் அதன் 'ஜனதா' நின்றுபோனால், பஜாரில் கண்ணில் லென்ஸோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர் இன்றும் ஓட வைத்துவிடுவார். சுவிஸ் வாட்சை அவரிடம் நீட்டினால் கைவிரிப்பார். திறமை இல்லாமல் இல்லை. பல கம்பெனிகள் வெளியாருக்கு உதிரிபாகம் விற்பதில்லை. சர்வீஸ் எந்த ஊரில், எத்தனை மாதம், எவ்வளவு என்பதை ஷோரூம் காபியைக் குடித்துக்கொண்டே கேட்டுவிடலாம்.

இத்தனையும் சலித்தபின் நான் சொன்னது ட்யூடர் பிளாக் பே 54. ரோலெக்ஸுக்குத் தம்பி முறை. 37 மில்லிமீட்டர், 200 மீட்டர், அந்தப் பூட்டு. தேதி கிடையாது. அதை அவன் குறையாகச் சொன்னான், எனக்கு அது வசதி. முழுச் சாவியில் 70 மணி நேரம் ஓடும். வெள்ளி இரவு கழற்றினால் திங்கள் காலை வரை தாங்கும். அதற்கு மேல் நின்றாலும் மணியை மட்டும் திருத்தினால் போதும், தேதியோடு மல்லாட வேண்டாம். அவனுக்கு ரோலெக்ஸின் டேட்ஜஸ்ட் மேல்தான் கண். 1945இலிருந்து அத்தனை பேர் அதன்மேல் கண் வைத்திருக்கிறார்கள், இவனை மட்டும் என்ன சொல்ல?

எதை வாங்கினாலும் பூட்டின் அடியில் மேசை உரசிய கோடுகள் சீக்கிரமே விழும். அதற்காகப் பாலிஷ் போடக் கூடாது. பாலிஷ் என்றால் உலோகத்தைச் சுரண்டி எடுப்பது. நாலு முறை போட்டால் கூட்டின் கூரான விளிம்பெல்லாம் பழைய சோப்புக் கட்டி போல மழுங்கிவிடும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது சீட்டில் 'பாலிஷ் வேண்டாம்' என்று எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன். பல இடங்களில் கேட்காமலேயே போட்டுவிடுவார்கள்.