சாயும் சன்னலுக்குச் சாயம்

போளூரில் எங்கள் வீட்டுத் தறிக்கூடத்தில் மூன்று சன்னல்கள் உள்ளன. இரண்டு சன்னல்கள் எல்லார் வீட்டுச் சன்னல்களையும் போலத் திறந்து மூடும். தறிக்கு நேர் மேலே, உயரத்தில் இருக்கும் மூன்றாவதுதான் இக்கட்டுரையின் கதாநாயகி. அதற்குக் கீல் கிடையாது. இரு பக்கமும் நடுவில் ஒவ்வொரு முளை உண்டு. கயிற்றை இழுத்தால் மேல்பாதி வீட்டுக்குள் சாயும். கீழ்ப்பாதி வெளியே போகும். ஆகவே தூறல் போட்டாலும் கண்ணாடி வழியே நீர் வெளியே வழிந்துவிடும், பாவின்மேல் சொட்டாது. பட்டு நெய்கிறவர்களுக்காகவே யாரோ யோசித்துச் செய்தது போலிருக்கும்!

ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாளாக அது திறந்ததே இல்லை. யாரோ ஒரு காலத்தில் மூடியபடியே பெயின்ட் அடித்துவிட்டதால் சட்டமும் நிலையும் ஒட்டிக்கொண்டன. கண்ணாடியிலும் பெயின்ட் வழிந்து கிடந்தது. அறுந்த இழையை முடிய அம்மா பகலிலும் விளக்குப் போடுவார்கள். "கண்ணுக்குள்ளே மணலைப் போட்ட மாதிரி இருக்குது" என்பார்கள்.

காலாண்டு விடுமுறையில் பழைய பாவு முடிந்தது. புதுப்பாவு பிணைக்க நான்கு நாட்கள் இருந்தன. பெயின்ட் வேலைக்கு அதைவிட்டால் நேரமில்லை; பாவு ஏறிவிட்டால் ஒரு துளி சிந்தினாலும் சேலை வீண். தறி ஓடாத நாளுக்குக் கூலியும் கிடையாது.

அப்பா உப்புத்தாளை எடுத்ததும் நான் தடுத்தேன். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலரத் தேய்த்தால் அது தூசியாகித் தரையில் படியும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் குழந்தைகளுக்கு வந்த ஈய நச்சுக்கு வராந்தா கம்பியழியில் பூசிய பெயின்டே காரணம் என்று லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் 1904ஆம் ஆண்டிலேயே எழுதினார். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. எங்கள் சன்னலின் பெயின்டோ அதற்கு முந்தியது.

"அப்ப என்னதான் பண்றது, சொல்லு?" என்றார்கள் அப்பா. தம்பியை ஆரணியில் பாட்டி வீட்டுக்கு அனுப்பினோம். வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்த்தோம். வழிந்த சேற்றை ஈரத்துணியால் துடைத்துப் பொட்டலம் கட்டினோம். தெருவில் கொட்டவில்லை.

அதற்கு முன்பே, ஒட்டிய இடுக்கில் அப்பா கத்தி முனையை ஓடவிட்டிருந்தார்கள். மூன்றாம் இழுப்பில் சன்னல் 'கிறீச்' என்று சாய்ந்தது. வெற்றுத்தறியின்மேல் ஒரு பாய் அகலத்துக்கு வெளிச்சம் விழுந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்து, ஒரு பட்டு இழையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள்.

அடுத்து வண்ணத் தகராறு. வெளியே பச்சை, உள்ளே வெள்ளை என்று முடிவாயிற்று. விளிம்புகளுக்கு எது? திறந்தால் மேல்விளிம்பு அறைக்குள் தெரியும், அதற்கு வெள்ளை. கீழ்விளிம்பு தெருவுக்குத் தெரியும், அதற்குப் பச்சை. பக்க விளிம்புகளில் முளைக்கு மேலே வெள்ளை, கீழே பச்சை. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அரை மணி ஆயிற்று! முளைகளில் மட்டும் பெயின்ட் படவே கூடாது. அவற்றைத் துணியால் சுற்றிவிட்டோம். பிரைமர் ஒன்று, மேல்பூச்சு இரண்டு, எல்லாம் மெல்லியதாக. கனமாக அடித்தால் மறுபடி ஒட்டும்.

காயும்வரை திறந்தே வைக்க வேண்டும். இரண்டாம் பூச்சு முடிந்த மாலை சம்பத்கிரி மலைக்குமேல் மேகம் திரண்டது. அப்பா ஏணியின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார்கள். நல்லவேளை, இடியோடு போயிற்று. காலையில் விளிம்புகளில் மெழுகுவத்தியைத் தேய்த்தபின் மூடிப் பார்த்தோம். ஒட்டவில்லை.

புதுப்பாவு சொன்ன நாளில் ஏறியது. இப்போது அம்மா பகலில் விளக்குப் போடுவதில்லை. தினமும் காலையில் கயிற்றை இழுப்பது என் வேலை. தம்பி திரும்பி வந்துவிட்டதால் கயிற்றின் நுனியை அவனுக்கு எட்டாத உயரத்தில் ஆணியில் சுற்றி வைத்திருக்கிறோம்.