டேங்க் மூடியில் ஒரு ஓட்டை

என் பழைய புல்லட் நம்ம திருவொற்றியூர் தொழிற்சாலையில் பிறந்தது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் பக்கம் கிளம்பினால் இரண்டு கிலோமீட்டரில் நின்றுவிடும். பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கும். பத்து நிமிடம் கழித்து உதைத்தால் சமர்த்தாய்க் கிளம்பும். ஃபில்டர் மாற்றியாயிற்று, கார்புரேட்டர் கழற்றியாயிற்று. இன்ஜினையே இறக்கணும் என்றார் மெக்கானிக். வித்துடுங்க என்றார்கள் வீட்டில்.

அடுத்த முறை நின்றபோது டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது! மூடியிலுள்ள குண்டூசி அளவு ஓட்டையைத் துருவும் தூசியும் அடைத்திருந்தன. இந்த வண்டியில் பம்ப் கிடையாது; பெட்ரோல் தானாக இறங்கணும். இறங்கிய அளவுக்குக் காற்று உள்ளே வராவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். காரைக்காலில் பிரெஞ்சில் உருப்போட்ட பாஸ்கல் பாடம்தான். ஊசியால் குத்திவிட்டேன்; வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் டேங்கை நிறைத்தே வையுங்கள். காலி இடத்தில்தான் நம்ம கடல்காற்று துருவேற்றும். அந்தத் துருதான் ஃபில்டரில் போய் உட்காரும்.